டேபென்டடால் நொதிச் சோதனையும் அதன் பெறுதிகளும்: வடசென்னையை முன்வைத்து ஒரு விமர்சனம்

டேபென்டடால் என்பது கடுமையான வலிக்குத் தரப்படும் செயற்கை மருந்து ஆகும். மூளையிலும் தண்டுவடத்திலும் மார்பின் எந்த ஏற்பிகளில் அமர்கிறதோ அதே ஏற்பிகளில் இதுவும் அமர்கிறது. ஜெர்மனியின் குருனென்தால் நிறுவனம் இதை உருவாக்கியது. அமெரிக்காவில் 2008 நவம்பரில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 50, 75, 100 மில்லிகிராம் மாத்திரைகளாக, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்தாக உள்ளது.

ஒருவரின் சிறுநீரில் இம்மருந்து இருக்கிறதா என்பதை விரைவாகவும் குறைந்த செலவிலும் காட்டும் முறை நொதி எதிர்ப்பொருள் சோதனை. ஆய்வகங்களில் இ.ஐ.ஏ. என்றும், அதன் ஒரு வகையை எலைசா என்றும் சொல்வார்கள். இச்சோதனையின் நம்பகத்தன்மையைப் பெருமளவு தீர்மானிப்பது, சோதனைப் பொருளைத் தயாரிக்கும்போது மருந்தின் மூலக்கூறில் செய்யப்படும் ஒரு சிறு வேதி மாற்றம். அப்படி மாற்றப்பட்ட மூலக்கூறே பெறுதி. சோதனை முடிவைக் கையில் வாங்குபவருக்கு இந்தப் பெறுதியைப் பற்றி ஒரு வரிகூடத் தெரிவிக்கப்படுவதில்லை. பாசிட்டிவ், நெகட்டிவ் என்ற இரண்டு சொற்களுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. இக்கட்டுரை விமர்சிப்பது அதைத்தான்.

வடசென்னையில் இந்தச் சோதனை ஏன் முக்கியம்

இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகியவை உடலுழைப்பால் வாழும் பகுதிகள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் வலை இழுப்பதும் ஐஸ் பெட்டி தூக்குவதும் இரவு பகல் பாராத வேலைகள். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கும் இடையே கன்டெய்னர் லாரி ஓட்டுபவர்கள் மணிக்கணக்கில் இருக்கையை விட்டு இறங்க முடியாமல் காத்துக் கிடப்பார்கள். இடுப்பு வலியும் தோள்பட்டை வலியும் இங்கே தொழிலோடு வருபவை. எனவே வலி மாத்திரை இப்பகுதியில் புதிய பொருள் அல்ல.

புதிதாக வந்திருப்பது வேறு. உடல்வலி நிவாரண மாத்திரைகளைப் போதைக்காக விற்றவர்கள் கைது என்ற செய்தி, அண்மை ஆண்டுகளில் வடசென்னைக் காவல் நிலைய எல்லைகளிலிருந்து அடிக்கடி வருகிறது. பிடிபடுபவர்களும் வாங்குபவர்களும் பெரும்பாலும் இளைஞர்கள். செய்திகளில் அதிகம் அடிபடும் மாத்திரை டேபென்டடால். விழுங்குவதற்கென்று செய்த மாத்திரையை ஊசி வழியாக உடலில் ஏற்றுவதும் நடக்கிறது. மாத்திரையில் மருந்தோடு சேர்ந்துள்ள மாவும் பிற கரையாப் பொருள்களும் இரத்தக் குழாய்களை அடைக்கும். ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் பரவும்.

சட்டத்தின் பக்கமும் சிக்கல் உள்ளது. இதே குருனென்தால் நிறுவனத்தின் பழைய வலி மருந்தான டிரமடாலை ஒன்றிய அரசு 2018 ஏப்ரல் 26 அன்று போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருள்கள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தது. அந்த அறிவிக்கையில் டேபென்டடால் இடம்பெறவில்லை. 2025 பிப்ரவரியில் டேபென்டடாலும் கேரிசோப்ரொடாலும் கலந்த கூட்டு மாத்திரை மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் போதைப்பொருளாகப் புழங்குவது வெளியானதும், அந்தக் கூட்டு மருந்தின் தயாரிப்புக்கும் ஏற்றுமதிக்கும் தந்திருந்த அனுமதிகளைத் திரும்பப் பெற ஒன்றிய அரசு உத்தரவிட்டது.

இந்தச் சூழலில் பெற்றோர் என்ன செய்வார்கள்? மகனின் போக்கில் மாற்றம் தெரிகிறது. பக்கத்து வீட்டார் ஏதோ சொல்கிறார்கள். தெருமுனை ஆய்வகத்தில் போதைச் சோதனை எடுக்கலாம் என்று போகிறார்கள். அங்கே இருப்பது ஐந்து அல்லது ஆறு பொருள்களைக் காட்டும் பொதுவான கிட். கஞ்சா, அபினி வகை, ஆம்ஃபெட்டமின், கோக்கெய்ன், தூக்க மாத்திரை வகைகள் அதில் அடங்கும். எல்லாம் நெகட்டிவ் என்று தாள் வருகிறது. தாய்க்கு நிம்மதி. ஆனால் அந்தக் கிட்டில் டேபென்டடாலைத் தேடும் எதிர்ப்பொருளே கிடையாது. அபினி வகை என்று எழுதியிருக்கும் பட்டை மார்பினுக்காகச் செய்தது. டேபென்டடாலும் டிரமடாலும் மார்பின் செய்யும் வேலையைச் செய்தாலும், உருவத்தில் அதிலிருந்து வேறுபட்டவை. எதிர்ப்பொருளுக்கு வேலை தெரியாது. உருவம் மட்டுமே தெரியும்.

இதன் மறுபக்கம் இன்னும் விந்தையானது. கசகசா அபினிச் செடியின் விதை. அதில் சிறிதளவு மார்பின் ஒட்டிக்கொண்டிருக்கும். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் பெட்டியில் கசகசா வைக்கக் கூடாது என்பது நம் ஊரில் பலருக்கும் தெரியும். கசகசா உண்டவர்கள் மார்பின் சோதனையில் மாட்டிக்கொண்டதால்தான், அமெரிக்க அரசு தன் ஊழியர்களுக்கான சோதனையில் அபினி வகைக்குரிய எல்லை அளவை ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக 1998இல் உயர்த்தியது. இன்றும் பழைய 300 அளவில் செய்த பட்டைகள் விற்பனையில் உள்ளன. ஆக, கசகசா அரைத்து ஊற்றிய குருமாவை நிறையச் சாப்பிட்டவர் பாசிட்டிவ் ஆகக்கூடும். அதே பட்டையில் டேபென்டடால் போட்டவர் நெகட்டிவ் ஆவார்.

ஹாப்டன்: தனியே நின்றால் கண்ணில் படாத மூலக்கூறு

சோதனைக்கு வேண்டிய எதிர்ப்பொருளை விலங்கின் உடலில்தான் முதலில் உருவாக்க வேண்டும். ஆனால் டேபென்டடால் மிகச் சிறிய மூலக்கூறு. மூலக்கூறு எடை 221. இவ்வளவு சிறியதை முயலுக்கோ எலிக்கோ செலுத்தினால் அதன் நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. பெரிய புரதம் ஒன்றின் மேல் ஒட்டிக் கொடுத்தால்தான் எதிர்ப்பொருள் உண்டாகும். இப்படிப் புரதத்தின் முதுகில் ஏறிச் செல்லும் சிறு மூலக்கூறை ஹாப்டன் என்கிறோம். கார்ல் லாண்ட்ஸ்டைனர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விரிவாக ஆராய்ந்தார். இரத்த வகைகளைக் கண்டறிந்த அதே லாண்ட்ஸ்டைனர்தான்.

ஒட்டுவதற்கு ஒரு கொக்கி வேண்டும். டேபென்டடாலின் அமைப்பில் புரதத்தோடு எளிதில் இணையக்கூடிய கார்பாக்சில் தொகுதி இல்லை. ஒரு முனையில் பென்சீன் வளையத்தோடு சேர்ந்த பீனால் ஹைட்ராக்சில் தொகுதி, மறுமுனையில் இரண்டு மெத்தில்களைத் தாங்கிய நைட்ரஜன், இரண்டுக்கும் நடுவே கிளைத்த கார்பன் சங்கிலி, அவ்வளவுதான். ஆகவே வேதியியலார் இரண்டு முனைகளில் ஒன்றைத் தேர்ந்து, அங்கே ஒரு சிறு சங்கிலியை நீட்டி, அதன் நுனியில் கார்பாக்சில் தொகுதியை வைக்கிறார்கள். பிறகு அதைக் கிளர்வுறச் செய்து, புரதத்தில் உள்ள லைசின் அமினோ அமிலத்தோடு பிணைக்கிறார்கள். சங்கிலியும் நுனியும் சேர்ந்த இந்த மருந்து வடிவமே பெறுதி.

எந்த முனை என்பதுதான் கேள்வி. காசிமேட்டில் மீனை வாலில் கட்டித் தொங்கவிட்டால் தலை நன்றாகத் தெரியும்; செவுளில் கோத்துத் தொங்கவிட்டால் வால் தெரியும். எதிர்ப்பொருளும் புரதத்திலிருந்து விலகி நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தையே நன்றாக அறியும். கொக்கி மாட்டிய இடத்தை அது சரியாகப் பார்ப்பதில்லை. அங்கே என்ன மாறினாலும் அதற்குப் பெரிதாகத் தெரியாது.

இதற்கு மார்பின் பழைய, தெளிவான சான்று. 1970இல் சிட்னி ஸ்பெக்டரும் சார்லஸ் பார்க்கரும் மார்பினின் மூன்றாம் இடத்து ஹைட்ராக்சிலில் கார்பாக்சிமெத்தில் கொக்கியைச் சேர்த்து, மாட்டின் இரத்தப் புரதத்தோடு இணைத்து எதிர்ப்பொருள் உருவாக்கினர். அந்த எதிர்ப்பொருளால் மார்பினையும் கோடீனையும் பிரித்தறிய முடியவில்லை. காரணம் எளிது: கோடீன் என்பது அதே மூன்றாம் இடத்தில் ஒரு மெத்தில் சேர்ந்த மார்பின். இருமல் மருந்தில் இருந்த கோடீனும் ஹெராயினிலிருந்து வந்த மார்பினும் அந்தச் சோதனைக்கு ஒன்றாகவே தெரிந்தன. கொக்கியை நைட்ரஜன் பக்கம் மாட்டியிருந்தால் மூன்றாம் இடம் வெளியே நீட்டி நின்று, பிரித்தறிய வழி பிறந்திருக்கும்.

நொதி எங்கே வருகிறது

ஸ்பெக்டர் முறையில் கதிரியக்கம் தேவைப்பட்டது. அதற்குப் பதில் நொதியைப் பயன்படுத்தும் வழியை 1971இல் ஸ்டாக்ஹோமில் எங்வாலும் பெர்ல்மானும் வெளியிட்டனர். நெதர்லாந்தில் வான் வீமனும் ஸ்குர்ஸும் அதே ஆண்டில் அதே வழியைக் கண்டனர். 1972இல் கலிஃபோர்னியாவில் ரூபன்ஸ்டைன், ஷ்னைடர், உல்மன் மூவரும் கழுவும் வேலையே இல்லாத ஒரு வடிவத்தை அறிவித்தனர். மருத்துவமனைகளின் பெரிய தானியங்கிக் கருவிகளில் இன்று ஓடுவது பெரும்பாலும் இதன் வழிவந்தது.

அதில் மருந்தின் பெறுதியை நேராக ஒரு நொதியின் மேல் ஒட்டுகிறார்கள். இப்போது வழக்கத்தில் உள்ளது குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். எதிர்ப்பொருள் வந்து பெறுதியைப் பிடித்துக்கொண்டால் நொதியின் வேலை தடைபடும். சிறுநீரில் மருந்து இருந்தால் அது எதிர்ப்பொருளைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நொதி விடுபட்டு வேலை செய்யும். அதன் வேகத்தை 340 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். மருந்து அதிகமானால் வேகம் அதிகம்.

இங்கே நுட்பமான ஒரு பிழை நுழையலாம். முயலுக்குச் செலுத்திய பெறுதியிலும் நொதியின் மேல் ஒட்டிய பெறுதியிலும் ஒரே சங்கிலி இருந்தால், எதிர்ப்பொருள்களில் ஒரு பகுதி மருந்தோடு அந்தச் சங்கிலியையும் சேர்த்து அறிந்துவிடும். பிறகு அவை நொதியை இறுகப் பிடித்துக்கொண்டு, சங்கிலி இல்லாத உண்மையான மருந்து வந்தாலும் விடாது. சோதனை மந்தமாகிவிடும். அதனால் இரண்டு இடத்திலும் வெவ்வேறு நீளமோ வெவ்வேறு வகையோ உள்ள சங்கிலிகளை வைப்பது நல்ல பழக்கம்.

தெருமுனை ஆய்வகத்துப் பட்டையில் நொதி இல்லை. நிறம் தருவது தங்க நுண்துகள். ஆனால் பெறுதியின் கதை அங்கும் அதேதான். கர்ப்பச் சோதனையில் பழகிய கண்கள் இதில் ஏமாறுவதுண்டு என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போதைச் சோதனைப் பட்டையில் இரண்டு கோடு தெரிந்தால் நெகட்டிவ். கட்டுப்பாட்டுக் கோடு மட்டும் நின்று சோதனைக் கோடு மறைந்தால்தான் பாசிட்டிவ்.

டேபென்டடாலுக்கு எந்த முனை சரி

சிறுநீரில் உண்மையில் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் இதற்கு விடை சொல்ல முடியும். உட்கொண்ட டேபென்டடாலில் சுமார் 3 விழுக்காடு மட்டுமே மாறாமல் சிறுநீரில் வெளியேறுகிறது. 55 விழுக்காடு குளூகுரோனைடாகவும் 15 விழுக்காடு சல்பேட்டாகவும் போகிறது. நைட்ரஜனிலிருந்து ஒரு மெத்திலை இழந்த வடிவம் 13 விழுக்காடு. அரை ஆயுள் ஏறத்தாழ 4 மணி நேரமே.

குளூகுரோனைடும் சல்பேட்டும் ஒட்டுவது பீனால் முனையில். இப்போது இரண்டு பெறுதிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நைட்ரஜன் முனையில் கொக்கி மாட்டினால் பீனால் முனை வெளியே நிற்கும். எதிர்ப்பொருள் அதைக் கூர்ந்து அறியும். அது தூய டேபென்டடாலுக்கு மிகச் சிறந்த எதிர்ப்பொருளாக இருக்கலாம். ஆனால் சிறுநீரில் அந்த முனை பெரும்பாலும் குளூகுரோனைடால் மூடப்பட்டிருக்கிறது. நூறில் எழுபது பங்கை அது காணாமல் விடும் அபாயம் உள்ளது. முதலில் ஒரு நொதியால் குளூகுரோனைடை வெட்டி நீக்கிவிட்டுச் சோதிக்கலாம். ஆனால் அவசரச் சோதனையில் யாரும் அதற்கு நேரம் ஒதுக்குவதில்லை.

பீனால் முனையில் கொக்கி மாட்டினால் நிலைமை தலைகீழ். எதிர்ப்பொருளுக்கு அந்த முனை ஏற்கெனவே மறைந்திருந்ததால், அங்கே குளூகுரோனைடு உட்கார்ந்தாலும் அதிகம் பொருட்படுத்தாது என எதிர்பார்க்கலாம். மார்பினில் இது நடந்து நிரூபணமான ஒன்று: மூன்றாம் இடத்தில் கொக்கி மாட்டிய எதிர்ப்பொருள்கள் மார்பின்-3-குளூகுரோனைடையும் பிடிக்கின்றன. சிறுநீர்ச் சோதனைக்கு அது நன்மையாகவே முடிந்தது. ஆகவே சிறுநீருக்கென்று செய்யும் டேபென்டடால் சோதனையில் பீனால் முனைப் பெறுதியே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. தூய மருந்தை மட்டும் துல்லியமாக அறிவதைவிட, சிறுநீரில் நிறைந்திருக்கும் வடிவத்தைத் தவறவிடாமல் இருப்பது மேல்.

இதற்கும் விலை உண்டு. டிரமடாலின் பென்சீன் வளையத்தில், இதற்கு இணையான இடத்தில் ஒரு மீத்தாக்சி தொகுதி இருக்கிறது; அதன் சங்கிலியிலும் இரண்டு மெத்தில் தாங்கிய நைட்ரஜன் உண்டு. பீனால் முனையை மறைத்து உருவாக்கிய எதிர்ப்பொருள் இரண்டு மருந்துகளையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. நடுவே டிரமடாலில் உள்ள சைக்ளோஹெக்சேன் வளையம் எவ்வளவு காப்பாற்றும் என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். ஒன்று 2018 அறிவிக்கையில் உள்ள மருந்து, மற்றொன்று அதில் இல்லாத மருந்து என்னும்போது, இந்தக் குழப்பத்தை வேதியியலாரின் தனிக்கவலை என்று ஒதுக்க முடியாது. ஒருவர் மீது எந்தச் சட்டப் பிரிவு பாயும் என்பதே இதில் தொங்குகிறது.

காப்புரிமை ஆவணங்களும் கிட் தாள்களும்

இத்துறையின் காப்புரிமை ஆவணங்களைப் படிப்பவர்களுக்கு ஒரு பொதுக் குறை தென்படும். ஒரு பொது வாய்பாட்டை வரைந்து, சங்கிலி இத்தனை அணு முதல் அத்தனை அணு வரை இருக்கலாம், இந்த முனையிலோ அந்த முனையிலோ இணையலாம் என்று எல்லாவற்றையும் வளைத்துப் போட்டுக்கொள்வார்கள். உரிமை கோர அது உதவும். எந்தப் பெறுதி மனிதச் சிறுநீரில் சரியாக வேலை செய்தது என்று அறிய விரும்புகிறவருக்கு அது உதவாது.

கிட்டோடு வரும் தாளில் குறுக்கு வினை அட்டவணை இருக்கும். அதை வாசிக்காமல் பெட்டியோடு எறிந்துவிடுவதுதான் வழக்கம். வாசித்தாலும் கவனிக்க வேண்டியது, அதில் குளூகுரோனைடு இருக்கிறதா என்பது. மருந்து இல்லாத சிறுநீரில் தூய டேபென்டடாலைக் கலந்து எடுத்த அளவு, மருந்து உட்கொண்ட ஒருவரின் சிறுநீருக்கு அப்படியே பொருந்தாது. டிரமடால், அதன் மெத்தில் இழந்த வடிவம், மனச்சோர்வுக்குத் தரப்படும் வென்லாஃபாக்சின் ஆகிய மூன்றின் பெயர்களும் அந்த அட்டவணையில் இருக்க வேண்டும். வென்லாஃபாக்சின் உருவத்தில் டிரமடாலுக்கு உறவு. இவ்விரண்டும் ஃபென்சைக்ளிடின் என்ற, தொடர்பே இல்லாத ஒரு போதைப்பொருளின் சோதனையில் பொய்யான பாசிட்டிவ் காட்டியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன.

டேபென்டடாலே இன்னொன்றின் பெயரில் மாட்டிக்கொண்டதும் உண்டு. மெதடோனைக் கண்டறியும் ஒரு நொதிச் சோதனையில் டேபென்டடால் உட்கொண்டவர்களின் மாதிரிகள் பாசிட்டிவ் காட்டியதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். பத்து, பன்னிரண்டு பொருள்களைக் காட்டும் கிட்களில் மெதடோனுக்கும் ஒரு பட்டை இருக்கும். அதில் பாசிட்டிவ் வந்தால், தொடாத ஒரு பொருளைத் தொட்டதாக ஒருவரின் பெயரில் எழுதப்படும்.

பாசிட்டிவ் சரியாகவே வந்தாலும் அது சொல்வது மிகக் குறைவு. சர்க்கரை நோயால் கால் நரம்பு எரியும் ஒருவருக்கு மருத்துவரே டேபென்டடால் எழுதியிருக்கலாம். நீரிழிவு நரம்பு வலிக்கு அதன் நீடித்த வடிவம் அமெரிக்காவில் 2012இல் அனுமதி பெற்றது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய துறைமுகத் தொழிலாளிக்கும் இதே மருந்து போயிருக்கலாம். எவ்வளவு சாப்பிட்டார், எப்போது, விழுங்கினாரா ஊசியில் ஏற்றினாரா, சீட்டோடா சீட்டில்லாமலா என்ற எந்தக் கேள்விக்கும் எதிர்ப்பொருளிடம் பதில் கிடையாது. வேலைக்கு எடுக்கும்போதோ லாரி ஓட்டுநரை வேலையிலிருந்து நிறுத்தும்போதோ இந்த ஒரு தாளை வைத்து முடிவு செய்வது அநியாயம்.

எடை பார்த்து உறுதிசெய்தல்

உருவத்தில் குழம்பினாலும் எடையில் குழம்பாத கருவி உண்டு. திரவ நிறப்பிரிகை நிறைமாலைக் கருவி மூலக்கூறுகளைப் பிரித்து, எடைபோட்டு, உடைத்துத் துண்டுகளையும் எடைபோடும். டேபென்டடால் அதில் 222 என்ற அளவில் நுழைந்து 107 என்ற துண்டைத் தரும். டிரமடால் 264இல் நுழைந்து 58 என்ற துண்டைத் தரும். இங்கே ஒன்றை மற்றொன்றாக எண்ண வழியில்லை. கருவியின் விலையும் அதை இயக்கும் பயிற்சியும்தான் தடை. எனவே மலிவான நொதிச் சோதனையை வடிகட்டியாக வைத்து, பாசிட்டிவ் வந்தவற்றை மட்டும் எடைக்கருவிக்கு அனுப்புவது உலகெங்கும் ஏற்ற முறை. இம்முறையில் நொதிச் சோதனை தவறவிட்ட மாதிரி இரண்டாம் கட்டத்துக்கே போகாது. பெறுதியைத் தவறாகத் தேர்ந்ததால் வரும் பொய் நெகட்டிவைத் திருத்த எந்த மேல்முறையீடும் இல்லை என்பதால்தான் குளூகுரோனைடு பற்றி மேலே அவ்வளவு சொல்ல வேண்டியிருந்தது.

நீதிமன்றத்துக்கென்று நஞ்சுகளைச் சோதிக்கும் வேலையில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. இந்தியாவின் முதல் வேதியியல் பரிசோதகர் ஆய்வகம் 1849இல் மதராஸ் மாகாணத்தில்தான் அமைந்தது. வழக்கு என்று வந்தால் மாதிரி முறைப்படி அரசுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்குப் போகும். ஆனால் பெற்றோர் கூட்டிவரும் பையனின் மாதிரியோ, நிறுவன வாசலில் நிற்கும் ஓட்டுநரின் மாதிரியோ அங்கே போவதில்லை. அவர்களுக்குக் கிடைப்பது பட்டை மட்டுமே. ஆகவே ஆய்வகத் தாளில் மூன்று வரிகள் கூடுதலாக வேண்டும்: எந்தெந்த மருந்துகள் தேடப்பட்டன, எவை தேடப்படவில்லை, எல்லை அளவு எவ்வளவு. தேடப்படாதவை என்ற வரியில் டேபென்டடால், டிரமடால் என்று எழுதியிருந்தால், நெகட்டிவ் தாளோடு வீடு திரும்பும் தாய் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்க் கேட்கலாம் என்று யோசிக்கவாவது இடமிருக்கும். மாதிரியை எடுக்கும்போதே இரண்டு குப்பிகளில் பிரித்து, ஒன்றை முத்திரையிட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டால், முடிவை மறுப்பவர் வேறிடத்தில் சோதித்துக்கொள்ளவும் முடியும். இரண்டாவது குப்பிக்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.